பஞ்சலிங்கத்தாரின் நூற்றறுபத்திரண்டு

பஞ்சலிங்கத்தாருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கொக்குவிலில் கூட்டுறவுக் கடை முகாமையாளராக இருந்த காலத்திலேயே, பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். இருதயக் குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு கேட்க வேண்டுமா?

ரொறன்ரோவில் இருக்கும் மகள் தாரிகாவுக்கு மாசியில் குழந்தை பிறக்கவிருந்தது. தாயும் தகப்பனும் துணைக்குப் போவதாக ஏற்பாடு. ஆனால் அவள் ஒரு கைக்கடிகாரத்தை அனுப்பி, கூடவே நிபந்தனையும் போட்டாள். ட்ரெட்மில்லில் மெதுவாக ஓடும்போது துடிப்பு டொக்டர் சொன்ன நூற்றுமுப்பதைத் தாண்டினால் டிக்கெட் இல்லை. கடிகாரம் காட்டுவது அவளுடைய போனிலும் தெரியும்.

தாண்டியது. ஒவ்வொரு நாளும் ஜிம்மில் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நூற்றறுபத்திரண்டு. உடனே அழைப்பு வரும். "அப்பா, இறங்குங்கோ!"

இறங்குவார். வீட்டுக்கு வந்தாலும் சாப்பிடும்போது, படுக்கும்போது, கோயிலில் கும்பிடும்போதுகூட மணிக்கட்டைத்தான் பார்ப்பார். பார்த்துக்கொண்டிருக்கும் அயலார் எங்களுக்கே நெஞ்சு படபடக்கும்.

ஒரு மாலை ஜிம் பயிற்சியாளன் ஜெயதீபன் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தான். மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயில் நூல், அதற்கு மேல் இன்னும் இரண்டு கோயில் நூல்கள், எல்லாவற்றுக்கும் மேலே கடிகாரம். நேர்ந்து கட்டிய நூலைக் கழற்றக் கூடாதாம், தானாக அறுந்து விழவேண்டுமாம். கடிகாரம் தோலில் படாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயா, உது உங்கடை துடிப்பை எண்ணேல்லை. ஓடேக்கை கை ஆடுறதை எண்ணுது."

நெஞ்சில் கட்டித் துடிப்பை எண்ணும் பட்டியைக் கொடுத்தான். அதே வேகத்தில் ஓடினார். நூற்றுப்பதினாறு.

மனிதர் சந்தோஷப்பட்டாரா? "உந்தப் பட்டி சரி எண்டு என்னெண்டு நம்புறது? சும்மா இருக்கிற ஆளுக்குக் கட்டிப் பாப்பம். இஞ்சரப்பா, வாரும்!"

அவர் வியர்வை துடைக்கும் துவாயை வைத்துக்கொண்டு சுவரோர வாங்குப் பலகையில் இருந்த மனைவி குணலட்சுமி அக்கா மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். விடுவாரா? அக்கா உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்த் தானே கட்டிக்கொண்டு வந்து வாங்கில் அமர்ந்தார்.

நூற்றுநாற்பது.

"பாத்தீரோ, பொய்!" என்றார் பஞ்சலிங்கத்தார், வென்றவர் போல.

ஜெயதீபன் சிரிக்கவில்லை. அக்காவின் மணிக்கட்டில் விரல் வைத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். பட்டி சரியாகத்தான் காட்டியது. துடிப்பு ஒழுங்கில்லாமலும் ஓடியது.

"அம்மா, உது எவ்வளவு காலமா?"

"ஆவணியிலை இருந்து." அக்கா துவாயை மடித்தார். "ரண்டு பேருக்கும் நெஞ்சு வருத்தம் எண்டால் பிள்ளை ஆரை வரச்சொல்லும்? அதுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

இத்தனை மாதம் பக்கத்திலேயே படுத்த மனுசிக்கு என்ன என்று தான் ஒருநாளும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் பஞ்சலிங்கத்தாருக்கு உறைத்தது. வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும் வழியில் தாரிகா அழைத்தாள்.

"அப்பா, இண்டைக்கு எவ்வளவு?"

"எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை," என்றார். "அம்மாவைக் கேள்."

மணிக்கட்டைப் பார்க்காமலே போனை அக்காவிடம் நீட்டினார்.