வெர்லன் தேய்த்த நம்பர்

பதினோரு வருடம் உங்கள் கையாலேயே செய்த ஒரு பொருளைக் காட்டி, "இதை நீ திருடவில்லை என்று நிரூபி" என்று ஒருவர் கேட்டால் எதை எடுத்து நீட்டுவீர்கள்? ரசீதையா, கையிலிருக்கும் தழும்பையா? வெர்லன் டாக்கெட் இரண்டையும் காட்டினார். இரண்டும் செல்லாது என்றார்கள்.

வெர்லன் என் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் தெரு ஆயில்டேல் என்ற எண்ணெய் ஊரில், ஆற்றுக்கு வடக்கே, எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள் ஓயாமல் தலையாட்டிக்கொண்டிருக்கும் பக்கம். தாத்தா காலத்தில் ஒக்லஹோமாவிலிருந்து பருத்தி எடுக்க வந்த குடும்பம் அவருடையது. முப்பத்து நான்கு வருடம் அந்தப் பம்புகளைக் கழற்றி மாட்டினார். போல்ட் முடுக்கும் காற்றழுத்தக் கருவி கைக்குள் அதிர்ந்து அதிர்ந்து விரல்களில் உணர்ச்சி குறைந்துபோனது. பனிக்காலத்தில் காலையில் காப்பிக் கோப்பையைப் பிடிக்கும்போது பார்த்தால் நான்கு விரலும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். கம்பெனி மருத்துவர் "வயது" என்று எழுதி அனுப்பிவிட்டார். அதே வயதுள்ள மேலாளர்களின் விரல் மட்டும் ஏன் சிவப்பாகவே இருக்கிறது என்று அவரை யாரும் கேட்கவில்லை. வெளியே பார்த்த இன்னொரு மருத்துவர்தான் உண்மையைச் சொன்னார்: போன நரம்பு திரும்பாது, நுணுக்கமான வேலை எல்லாம் இன்னும் ஓரிரு வருடம்தான்.

அந்தக் கைகளால்தான் வெர்லன் தன் கராஜில் ஒரு ஹாட் ராட், அதாவது பழைய காரைப் பிரித்து வேகத்துக்காக மாற்றிக் கட்டும் வண்டி, கட்டினார். 1932-ஆம் வருடத்து ஃபோர்டு; கூரையில்லாத இரட்டை இருக்கை ரோட்ஸ்டர். எங்கள் பக்கத்தில் இதை யாரும் கடையில் வாங்குவதில்லை. வாங்கியவனை மதிப்பதும் இல்லை. டாஃப்ட் என்ற ஊரில் ஒரு விதவையின் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்த சேஸிஸை, அதன் பழைய உரிமைப் பத்திரத்தோடு வாங்கிவந்தார். பாடியின் முன்பாதி ஒரு விபத்து வண்டியிலிருந்து வந்தது. பின்பாதி ஓடைமணலில் புதைந்துகிடந்த இன்னொன்றிலிருந்து. இரண்டையும் ஒட்டவைத்து, மட்கார்டுகளை எறிந்துவிட்டு, பழைய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துப் புதிதாக்கி உட்காரவைத்தார். சனிக்கிழமைகளும் விடுமுறைகளும் அதிலேயே போயின. அவர் மனைவி நோரீன் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர். கார் என்றாலே கொட்டாவி விடுவார்.

"பதினோரு வருஷமா எங்க வீட்ல ஒரு இரும்புப் புள்ள வளருது. இன்னும் நடக்கல," என்பார்.

"நடக்கும்டி. பல்லு முளைச்சிருச்சில்ல?" என்று வெர்லன் கராஜுக்குள்ளிருந்தே பதில் சொல்வார்.

வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. வண்டி கட்டும் இந்தக் கூட்டத்தின் கர்வம் வழவழப்பு. வெல்டிங் வைத்த இடத்தில் வெல்டிங் வைத்ததே தெரியக்கூடாது. சேஸிஸ் சட்டத்தில் துரு அரித்த குழிகளை நிரப்பித் தேய்த்து, விரலால் தடவினால் கண்ணாடி போல வழுக்க வேண்டும். வெர்லனுக்கோ விரலில் உணர்ச்சி இல்லை. கன்னத்தை இரும்பில் வைத்துப் பார்ப்பார். ஸ்டியரிங் பெட்டியை மாட்ட இடது சட்டத்தில் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்தவர், பிசிறைத் தேய்க்க ஆரம்பித்தார். திருப்தியாகும்வரை தேய்த்தார். சேஸிஸ் நம்பர் குத்தியிருந்த இடமும் அதுதான். துருவுக்கு அடியில் அரைகுறையாகத் தெரிந்துகொண்டிருந்த நம்பர் அந்த மத்தியானத்தோடு மறைந்தது. அவர் கவனிக்கவே இல்லை. இந்தத் தவறைச் செய்ய இவர்களால்தான் முடியும். திருடனுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

பல வருடம் சாலைக்கு வராத வண்டி என்பதால் பதிவு செய்யுமுன் அரசு ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். போன ஆண்டு மார்ச் மாதம் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனோம். நோரீனும் லீவு போட்டுவிட்டு வந்தார். ஆய்வாளர் ஹால்ஸ்டெட் டார்ச் விளக்கோடு குனிந்தார்.

"நம்பர் எங்க?"

"இங்கதான் சார்..." வெர்லனின் விரல் அந்த இடத்துக்குப் போய் அப்படியே நின்றது.

"இங்க ஒண்ணும் இல்லையே."

"வெல்டிங் பிசிறத் தேய்ச்சேன். அதோட போயிருக்கு போல."

"எல்லாத் திருடனும் இதத்தான் சொல்றான்."

நோரீனுக்குப் பொறுக்கவில்லை. "எந்தத் திருடன்யா பதினோரு வருஷம் குந்தித் திருடுவான்? எம் புருஷன் எங்கூட சினிமாவுக்கு வந்து அத்தன வருஷமாச்சு!"

பொருத்திப் பார்க்க நம்பர் இல்லாமல் விதவையின் பத்திரம் செல்லாது என்றார் ஹால்ஸ்டெட். நம்பர் அழிக்கப்பட்ட வண்டி என்று படிவத்தில் டிக் போட்டார். வண்டி பறிமுதலாகி, ஊருக்கு வெளியே கம்பிவேலி போட்ட மைதானத்துக்குப் போனது. வண்டியில் வேறெங்காவது நம்பரைக் காட்டி உரிமையை நிரூபிக்காவிட்டால் எந்திரத்தில் நசுக்கிவிடுவார்கள் என்று பத்து நாளில் கடிதம் வந்தது.

வெர்லன் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இன்னொண்ணு கட்டிக்கலாம்ல?" என்று வேலையிடத்தில் ஒருவன் ஆறுதல் சொன்னானாம். அவர் அவனிடம் கையை விரித்துக் காட்டினார்.

நோரீனின் அண்ணன் ஒரு சிறிய சபைக்குப் போதகர். வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். எல்லாம் தேவ சித்தம் என்றார். கிரைண்டரைப் பிடித்தது வெர்லன், படிவத்தில் டிக் போட்டது ஹால்ஸ்டெட், இதில் தேவன் எந்த மேசையில் உட்கார்ந்திருந்தார் என்று நான் கேட்டேன். நோரீன் என்னை முறைத்தார். பிறகு, "கேள்வி நல்லாத்தான் இருக்கு, ஆனா கேக்க வேண்டியவங்ககிட்ட போய்க் கேளுங்க வாத்தியாரே," என்றார். நான் உள்ளூர்க் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறேன். தெருவில் எனக்கு அந்தப் பெயர்தான்.

கேட்கப் போனால் கதவுகள்தான். ஒரு ஜன்னலில் இன்னொரு ஜன்னலைக் காட்டினார்கள். அந்த ஜன்னலில் மதியச் சாப்பாடு என்று அட்டை தொங்கியது. வெர்லன் லீவு எடுத்து எடுத்து வரிசையில் நின்று விசாரணை கேட்டு மனு கொடுத்தார்; அதுவரை நசுக்கல் மட்டும் தள்ளிப்போனது. இதற்கு நடுவில் அவருடைய நண்பர், வெல்டர் எலாடியோ பினெடா, ஒரு செய்தி கொண்டுவந்தார். கிழக்கே குன்றுப் பக்கம் மாளிகை கட்டியிருக்கும் ஒருவரின் பழைய காரிலும் நம்பர் இல்லையாம். அவருடைய வக்கீல் ஒரு கடிதம் எழுதினார். மூன்றே வாரத்தில் அரசே புது நம்பர் தகடு ஒன்றைக் கொடுத்தது. அதுவரை அந்தக் கார் அவர் வீட்டுக் குளிர்சாதன அறையிலேயே இருந்தது.

"அவனுக்குப் பேரு சேகரிப்பாளர். உனக்குப் பேரு சந்தேக நபர்," என்றார் எலாடியோ. "ஒரே இரும்பு, ஒரே துரு. வேற என்னய்யா வித்தியாசம்?"

"அவன் வெள்ளக் காலர் சட்ட போட்டிருப்பான்," என்றார் வெர்லன்.

கோடை போயிற்று. பின்பனியில் ஆறு வாரம் தரையோடு படிந்த மூடுபனி விலகவே இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். பெயின்ட் அடிக்காத வெற்று இரும்பு. முதலில் மஞ்சளாக, பிறகு காவியாகத் துரு ஏறியது. நாலாவது தடவை வெர்லன் வர மறுத்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க. என்னால முடியல," என்று டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். டிவி அணைந்திருந்தது.

இந்த ஆண்டு மே மாதம் ஒருவழியாக விசாரணை. நான் பேச அனுமதி வாங்கியிருந்தேன். நான் சொன்னது புதிய விஷயமே இல்லை. இரும்பில் அச்சை ஓங்கிக் குத்தும்போது மேற்பரப்பு மட்டும் அமுங்குவதில்லை. அடியிலும் இரும்பு நெரிந்து இறுகும். மேலே தேய்த்தாலும் அந்த இறுக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கும். அமிலக் கரைசலைத் தடவினால் இறுகிய இடம் வேறு நிறம் காட்டும். துப்பாக்கியில் அழித்த நம்பரைக் காவல்துறை ஆய்வகங்கள் இப்படித்தான் மீட்கின்றன. 1932-ஆம் வருடத்து ஃபோர்டில் சேஸிஸ் சட்டத்தின் மேல் மூன்று இடத்தில் அதே நம்பரைக் குத்தியிருப்பார்கள். மற்ற இரண்டும் பாடிக்கு அடியில். பாடியைத் தூக்கிச் சோதியுங்கள் என்றேன்.

"அந்தச் சோதனை துப்பாக்கிக்குத்தாங்க. வண்டிக்குச் செய்யற வழக்கம் இல்ல," என்றார் விசாரணை அதிகாரி.

"வழக்கம் இல்லையா, விதி இல்லையா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"விதின்னா எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டுங்க. படிச்சுட்டு நாங்க வீட்டுக்குப் போயிடறோம்."

அவர் புரட்டினார். உதவியாளரைக் கூப்பிட்டுப் புரட்டச் சொன்னார். முக்கால் மணி நேரம் போயிற்று. அப்படி ஒரு வரி எந்தப் பக்கத்திலும் இல்லை. பதினான்கு மாதமாக ஒரு மனிதனை முடக்கிப்போட்டது யாரும் எழுதாத ஒரு வரி. கடைசியில் அனுமதித்தார்: ஒரே ஒரு நாள், பாடியை உரிமையாளரே தூக்கிக்கொள்ள வேண்டும், நம்பர் தெரியாவிட்டால் வெள்ளிக்கிழமை நசுக்கல்.

பாடி தூக்கக் கூப்பிட்டால் எங்கள் பக்கத்தில் மறுக்க மாட்டார்கள். பேசாமல் இருந்த பகையாளிகூட வந்து ஒரு மூலையைப் பிடிப்பான். செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கம்பிவேலி மைதானத்துக்கு எட்டுப் பேர் வந்தார்கள். வெர்லன் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். கை நழுவியது. மறுபடி வைத்தார். விரல்கள் மூடவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். அவர் ஸ்பேனரை நோரீனிடம் நீட்டினார்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?" என்றார் நோரீன்.

"இடது பக்கம்."

"பதினோரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் என்னத் தொட விடற."

கடைசி போல்ட்வரை நோரீன்தான் கழற்றினார். எண்ணிக்கொண்டே தூக்கினோம். பாடி எழும்பியது. அடியில் சட்டம் தெரிந்தது. அங்கேயும் வழவழப்பு! எலாடியோ பாடியைப் பிடித்தபடியே கத்தினார்.

"யோவ்! எவனும் பாக்காத எடத்த எதுக்குய்யா பாலிஷ் போட்ட?"

"நான் பாக்குறேன்ல," என்றார் வெர்லன்.

காவல்துறை ஆய்வகத்திலிருந்து வந்தவர் வார்டன்யான் என்ற பெண். இறுகிய முகம். வேலி ஓரமாகச் சட்டத்தைத் துடைத்து, முன்பக்கத்து இடத்தில் பஞ்சால் கரைசலைத் தடவினார். ஒன்றும் வரவில்லை, ஆழமாகத் தேய்ந்துவிட்டது. பின்சக்கரத்துக்கு மேலே இருக்க வேண்டிய இடத்தை, வெர்லன் நிரப்பித் தேய்ப்பதற்கு முன்பே, பழைய துரு முழுசாகத் தின்றிருந்தது. பாடிக்கு அடியில் இருந்த நடு இடத்துக்கு வந்தார். தடவினார், துடைத்தார், மறுபடி தடவினார். வெயில் ஏறியது. அரை மணி நேரம் ஹால்ஸ்டெட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நிழல் குடுங்க," என்றார் வார்டன்யான். நோரீன் சட்டைக்கு மேலே போட்டிருந்த மேலங்கியைக் கழற்றி விரித்துப் பிடித்தார்.

முதலில் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. தொழிற்சாலையில் நம்பருக்கு இரு புறமும் குத்தும் நட்சத்திரம். பிறகு ஒன்று, எட்டு. ஈரம் இருக்கும்வரைதான் தெரியும், காய்ந்தால் மங்கும். அவர் ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். நடுவில் ஓர் இலக்கம் மட்டும் வரவில்லை. மற்றதெல்லாம் விதவை கொடுத்த பத்திரத்தோடு பொருந்தியது. அடுத்த நட்சத்திரமும் வந்ததும் வார்டன்யான் நிமிர்ந்து ஹால்ஸ்டெட்டிடம் சொன்னார்: "இது இந்தச் சட்டத்தோட சொந்த நம்பர். கையெழுத்துப் போடறேன்."

எலாடியோ தொப்பியைத் தூக்கி எறிந்தார். வெர்லன் கவிழ்த்துப்போட்ட வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"என்னய்யா, சந்தோஷமா இல்லையா?" என்றேன்.

"இருக்கு வாத்தியாரே. தூங்கணும் போல இருக்கு."

வண்டியை விட இன்னும் ஏழு வாரம் எடுத்தார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி வரவில்லை. துருவை எலாடியோவும் நானும் தேய்த்தோம். எங்களுக்கு அந்த வழவழப்பு வராது. பாடியை நோரீன் முடுக்கினார். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்லன் ஆற்றுப் பாலம்வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். கியர் மாற்ற உள்ளங்கையால் தள்ளினார். இறங்கியதும் சாவியை நோரீனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இப்போது அதை நோரீன் ஓட்டுகிறார், வெர்லன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்.

அந்த வேலிக்குள் இன்னும் பத்தொன்பது வண்டிகள் நிற்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு அப்படி ஒரு சோதனை இருப்பதை யாரும் சொல்லவில்லை. சொல்வது எங்கள் வேலை இல்லை என்கிறது அலுவலகம். எலாடியோவும் நானும் கடிதம் எழுதி ஒவ்வொரு வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊர்க் காவல் நிலையத்தின் சுற்றுச்சுவர் ஓரத்திலும் பைக்குகளும் ஆட்டோக்களும் செடிமூடிக் கிடக்கும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் பிழைப்பு. இந்த வாரமே உள்ளே போங்கள். அதில் ஒன்றைக் காட்டுங்கள். இது எந்த விதியின் எந்த வரியால் இங்கே நிற்கிறது என்று எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்காமல் திரும்பாதீர்கள்.