கூழாங்கல்லில் இருந்தவை

என் மகளின் உதடு நிறம் மாறியதை முதலில் பார்த்தவன் நான்தான். ஆனி மாதத்து மத்தியானம். பண்ணையில் கோழிகள் வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல் நின்றிருந்தன. தகரக் கூரையின் மேல் வெயில் தண்ணீர் போல நெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிலில் இரண்டரை மாதக் குழந்தை கண்மூடிக் கிடந்தாள். வாய் நாவல்பழம் தின்றது போல இருந்தது. நாவல்பழக் காலம்தான்; யாரோ விளையாட்டாகப் பூசிவிட்டார்கள் என்று நினைத்து வேட்டி நுனியால் துடைத்தேன். போகவில்லை. கையை எடுத்துப் பார்த்தேன். நகங்களும் அதே நிறம்.

எட்டு வருடம் காத்திருந்து பிறந்த குழந்தை. நாமக்கல்லுக்குத் தெற்கே எங்கள் மேட்டுக்காட்டில் நிலக்கடலை கைவிட்ட பிறகு, எழுபதுகளின் கடைசியில் கோழிப்பண்ணை போட்டிருந்தேன். பிரசவத்துக்குப் பின் மனைவிக்குக் கடும் காய்ச்சல் கண்டு தாய்ப்பால் நின்றுபோனது. டப்பாப் பால் மாவுதான். நான் பி.யூ.சி. படித்தவன். டப்பாவில் அச்சடித்திருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கொதித்து ஆறிய நீரில் கலக்க வேண்டும் என்று இருந்தது.

கிருமி என்றால் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பயம். வகுப்பறைச் சுவரில் காலரா படம் ஒன்று தொங்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் கொம்பும் வாலுமாக என்னென்னவோ நெளியும். அதனால் குழந்தைக்குத் தண்ணீர் காய்ச்சும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் கஷாயம் என்றால் நாலில் ஒன்றாகச் சுண்ட வேண்டும். சுண்டச் சுண்டத்தான் குணம் இறங்கும் என்பார்கள். கிணற்றுத் தண்ணீரையும் அப்படியே நினைத்தேன். முதலில் பாதியாகச் சுண்டவிட்டேன். பிறகு அதுவும் போதாது என்று தோன்றி, கஷாயம் போலவே நாலில் ஒன்றாக்கினேன்.

"ஏனுங்க, தண்ணி காச்சறீங்களா, பாயசம் வெக்கறீங்களா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள். "வெறகெல்லாம் தீருது."

"உனக்கென்ன தெரியும், போ" என்பேன்.

சேலத்துக்கு வாடகைக் கார் பிடித்துப் போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையின் ரத்தத்தை ஊசியில் இழுத்தபோது அது சிவப்பாக இல்லை. காப்பி டிகாக்‌ஷன் போல இருந்தது. அவர் ஒரு சிறு புட்டியிலிருந்து நீல மை போன்ற மருந்தை எடுத்து மெதுவாக ஏற்றினார். நீலமாய்ப் போன குழந்தைக்கு நீலத்தையே ஏற்றுகிறாரே என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் இருக்கும். உள்ளிருந்து யாரோ விளக்கைத் தூண்டிவிட்டது போல, உதட்டின் நடுவில் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. அது பரவியது.

"எந்தத் தண்ணி குடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"கெணத்துத் தண்ணிங்க. சும்மா இல்லைங்க, நல்லா சுண்டக் காச்சித்தான் குடுக்கறேன்."

"எவ்வளவு சுண்ட?"

பெருமையோடு சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். கிணற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இரண்டு வருடத்துக் கோழி எரு, விற்பதற்காகக் குவித்து வைத்தது, கிணற்று மேட்டிலேயே இருந்தது. மழைக்கு அது ஊறி, யூரியா போட்ட காட்டு நீரோடு சேர்ந்து கிணற்றில் இறங்கியிருக்கிறது. வெடியுப்பு இனத்து உப்பு அது, நைட்ரேட். பெரியவர்களை ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் ரத்தத்தில் போய் மூச்சை அடைக்கும். கொதித்தால் போகாது என்றார். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அடியில் செறிந்துகொண்டே வரும். அதாவது ஒவ்வொரு நாளும் நான் அக்கறையாக உட்கார்ந்து என் மகளுக்கு அதைத்தான் திரட்டிக் கொடுத்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது ராசிபுரம் வரை மனைவி குழந்தையின் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "உங்கமேல தப்பில்லைங்க" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

எருக்குவியலை அடுத்த வாரமே ஓடைக்கு அந்தப் பக்கம் தள்ளினோம். கிணறு தெளிய வருடக்கணக்காகும் என்றார்கள். இரண்டு மைல் தள்ளி, பாறைக்காட்டுக் கோயில் கிணற்றிலிருந்து மொபெட்டில் கேன் வைத்துத் தண்ணீர் கொண்டு வந்தேன். சித்திரை வெயிலுக்கு அதுவும் வற்றிவிடும் கிணறு.

டாக்டர் எங்கள் தண்ணீரை ஒரு கல்லூரிக்கு அனுப்பியிருந்தார். அதைப் பரிசோதித்த விரிவுரையாளர் ஆடி மாதத்தில் அவராகவே பஸ் ஏறி வந்தார். ஒல்லியான மனிதர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கையில் சோதனைக் குழாய்கள் வைத்த மரப்பெட்டி. தண்ணீரில் ஒரு சிட்டிகைப் பொடியும் சில சொட்டு மருந்தும் விட்டுக் காட்டினார். தண்ணீர் ரோஜா நிறமாகி, பின் பட்டுப் புடவைக் கரை போல அடர்ந்தது. "எவ்வளவு செவக்குதோ அவ்வளவு உப்பு" என்றார்.

அவர் கட்டச் சொன்ன தொட்டி எளிமையானது. கிணற்றுக்கு இறக்கும் வட்டச் சிமெண்ட் உறைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மோகனூர் ஆற்றிலிருந்து கொண்டுவந்த கூழாங்கல்லை நிரப்பினோம். ஏரிச் சேற்றைக் கரைத்து ஊற்றினோம். மேலே காற்றுப் புகாமல் மூடி. தினமும் ஒரு டம்ளர் நாட்டுச்சர்க்கரைத் தண்ணீர் உள்ளே சொட்ட வேண்டும். கிணற்று நீர் இந்தக் கற்களினூடே மெதுவாக இறங்கி, மணல் தொட்டியில் வடிந்து, பின் ஒரே ஒரு கொதி.

"சேத்துல இருக்கற பாக்டீரியாதாங்க வேலைக்காரங்க" என்றார் அவர். "சர்க்கரைதான் அதுக்குத் தீனி. காத்தில்லாத எடத்துல அடைச்சு வெச்சா, மூச்சுக்கு அந்த உப்பையே உடைச்சு எடுத்துக்கும். மிச்சம் குமிழியா மேல போயிடும். நீங்களும் பண்ணை வெச்சிருக்கீங்க, நானும் பண்ணை வெச்சிருக்கேன். என்னுது கூவாது."

"முட்டை போடுமுங்களா?" என்று மனைவி கேட்டாள். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "கல்லு மேல வழுவழுன்னு ஒரு படலம் வரும். நாறும். அதுதான் எல்லாம். அதை மட்டும் கழுவிடாதீங்க." பொடியும் மருந்தும் ஒரு செட் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானங்களில் தொட்டியின் சிமெண்டில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே தூக்கத்தில் யாரோ முணுமுணுப்பது போல, நின்று நின்று குமிழிகள் ஏறும் சத்தம். அப்படியே கண் அசந்துவிடுவதும் உண்டு. அப்போது ஒரு கனவு வரும். கிணற்றின் அடியில் உட்கார்ந்திருப்பேன். சுற்றிலும் ஆயிரக்கணக்கான சிறு வாய்கள் திறந்து மூடும். எதற்கும் முகம் இல்லை. பயமாகவும் இருக்கும், எழுந்து வரவும் மனம் இருக்காது.

ஐந்தாவது வாரம் சோதனைக் குழாயில் தண்ணீர் நிறம் மாறாமல் நின்றது. மறுநாளும் அப்படியே. விரிவுரையாளர் வந்து பார்த்துச் சரி என்றார். புரட்டாசி பிறந்தபோது குழந்தை எங்கள் கிணற்று நீரையே குடித்தாள். மனைவி நிம்மதியாக இருந்தாள். நான்தான் பால் புட்டியைப் பார்க்கும்போதெல்லாம் சுவர்ப் படத்தின் கொம்பையும் வாலையும் பார்த்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்கு எங்கள் பக்கத்தில் கழுவாத பொருள் ஒன்று இருக்காது. மண்வெட்டி, மோட்டார், தீவனம் அரைக்கும் மிஷின், தராசு, மொபெட் எல்லாவற்றையும் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவோம். பண்ணையில் வேலை பார்த்த அக்கா காலையிலிருந்து தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இடுப்பில் கையை வைத்துத் தொட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இதொண்ணை மட்டும் நாத்தத்தோட உட்டுப்போட்டு சாமி கும்புட்டா நல்லாவா இருக்குது? புள்ள குடிக்கற தண்ணியாச்சே."

அவர் மேல் பழி போட மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் செய்திருப்பேன். மனைவி குழந்தையோடு படுத்திருந்த நேரம். மூடியைத் திறந்தேன். கற்கள் மேல் பழுப்பாக, கொழகொழவென்று, உயிருள்ள தோல் போல ஒன்று படிந்திருந்தது. விரிவுரையாளர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. தெரிந்தேதான் செய்தேன். கற்களை அள்ளிக் கொட்டித் தேங்காய் நாரால் தேய்த்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டு அலசினேன். கற்கள் ஆற்றில் கிடந்த நாளைப் போல வெளுத்தன. திரும்ப அடுக்கித் தண்ணீர் விட்டு, தொட்டிக்கும் மூன்று பட்டை சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். மாதக்கணக்கில் இல்லாத லேசான மனதோடு அன்று சாப்பிட்டேன்.

மறுநாள் காலை தொட்டியில் காதை வைத்தேன். சத்தமே இல்லை.

பொடியும் மருந்தும் எடுத்து வந்து குழாயில் விட்டேன். ரோஜா நிறம் வந்தது. நிற்கும் என்று பார்த்தேன். அடர்ந்துகொண்டே போனது. குழாயைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மனைவி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். புட்டியில் பாதி காலி.

பிடுங்கினேன். குழந்தை வீறிட்டாள்.

"என்னுங்க ஆச்சு? கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"தொட்டியக் கழுவிப்போட்டேன்."

 அவள் குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நான் வாடகைக் காரை வரவழைத்து வாசலில் நிறுத்தினேன். டிரைவர் வேப்பமரத்தடியில் தூங்கிப்போனார். நாங்கள் இருவரும் குழந்தையின் இரு பக்கமும் உட்கார்ந்து அந்தச் சிறிய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே நிறத்தை நெடுநேரம் பார்த்தால் கண் அதை மாற்றிக்கொள்கிறது. சிவப்பு நீலமாகும், கண் சிமிட்டினால் மறுபடி சிவப்பாகும். வெயில் நடையில் ஏறி, அறைக்குள் வந்து, சுவர் வரை போனது. குழந்தை தூங்கினாள், எழுந்தாள், சிரித்தாள். நிறம் மாறவில்லை. பாதிப் புட்டியோடு நின்றதால் தப்பித்திருக்கலாம். ஐந்து மாதம் கடந்து குழந்தையின் ரத்தம் வலுத்திருந்ததால் இருக்கலாம். எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தெரியாமைதான் என்னை இன்னும் உலுக்குகிறது.

சாயங்காலம் மனைவி கேட்டாள்: "அவரு வேண்டாம்னு சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாரு."

"அப்புறம் ஏன்?"

"பயமா இருந்துச்சு."

"என்றகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். "உங்க பயத்தை உங்க ஒருத்தருக்குள்ளயே வெச்சுச் சுண்டக் காச்சிட்டே இருப்பீங்களா?"

விரிவுரையாளருக்குக் கடிதம் போட்டேன். வந்தார், வெளுத்த கற்களையும் காய்ந்த குங்குமத்தையும் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அலங்காரம் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு ஏரிக்குச் சேறு எடுக்க நடந்தார். மறுபடி ஐந்து வாரம். மறுபடி மொபெட்டும் கேனும். இந்த முறை தொட்டியின் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். "அக்கட்டால நில்லுங்க" என்று என்னை விலக்கிவிட்டுத்தான் மூடியைத் தொடுவாள்.

கார்த்திகையில் ஒரு காலை, குழாயில் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. மூன்று நாள் பார்த்தோம். நான்காம் நாள் அவள் பால் கலக்கிப் புட்டியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே குடுங்க."

"நீ குடு."

"பயமுங்களா?"

"ஆமா."

"எனக்கும்தான்" என்றாள். கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

வாங்கினேன். ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்து, குழந்தையின் வாயில் வைத்தேன். குழந்தை இரண்டு கைகளாலும் புட்டியைப் பிடித்து இழுத்துக் குடிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மீதியையும் குடித்தாள்.