காணாமல் போன பாட்டுகளும் கலியபெருமாள் அண்ணனும்

காணாமல் போன மனிதர்களைத் தேடித்தரப் போலீஸ் ஸ்டேஷன் உண்டு. காணாமல் போன பாட்டுகளைத் தேடித்தர அந்தக் காலத்துப் பெரம்பலூரில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு உரக்கடையின் மாடியில் என் கம்ப்யூட்டர் சென்டர். போர்டில் எழுதியிருந்தது அடிப்படைப் பயிற்சி, தட்டச்சு, பயோடேட்டா. வந்து சேர்ந்த வேலை வேறு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிற ரேடியோ செட்டுக்காரர்கள் எல்லாரும் கேசட்டை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். மாறினார்களே தவிர, பாட்டு பாடினால்தானே?

நீங்களும் கம்ப்யூட்டரில் பாட்டுச் சேர்த்தவராக இருந்தால் இந்தக் கொடுமை தெரிந்திருக்கும். திரையில், பாட்டுப் பட்டியலில், பாட்டின் பெயர் ஜம்மென்று நிற்கும். அழுத்தினால், ஃபைலைக் காணோம் என்று இங்கிலீஷில் கையை விரிக்கும். விஷயம் இவ்வளவுதான்: அந்தப் பட்டியலுக்குள் பாட்டு கிடையாது, பாட்டு இருக்கும் இடத்தின் விலாசம் மட்டும்தான் உண்டு. பாட்டை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டால், பட்டியல் பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிடும். புது விலாசத்தை அதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். கேட்க லேசாக இருக்கிறதல்லவா? அரியலூர் கலியபெருமாள் அண்ணனைப் பார்க்கிற வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒரே சிடியில் ஊர்ப்பட்ட பாட்டு

கலியபெருமாள் அண்ணன் இரண்டு பீரோ நிறைய இருந்த கேசட்டுகளை விற்றுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கியவர். அவர் மனைவி மலர்க்கொடி அண்ணிக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஆலத்தியூருக்கு அப்பால் ஒரு ஊர் (பெயர் வேண்டாம், இன்னும் நான் அந்த வழியாகப் போய்வர வேண்டியிருக்கிறது), அந்த ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் இவர் செட்டுதான். அங்கே பேர் கெட்டால் சுற்றுப்பட்ட ஊர்களில் ஒரு கல்யாணம்கூட வராது. இந்த வருஷம் முதல் தடவையாகக் கம்ப்யூட்டர். அண்ணிக்கு அதுதான் கிலி.

முதல் சோதனை பாடாலூரில் ஒரு கல்யாணம். கம்ப்யூட்டரைத் தூக்கிச் செல்லச் சோம்பல்பட்டு, அண்ணன் ஒரு காரியம் செய்தார். பட்டியலை மட்டும் ஒரு சிடியில் பதிந்துகொண்டு போய்விட்டார். மண்டபத்துக்காரரின் கம்ப்யூட்டரில் போட்டால் பாட்டின் பெயர் எல்லாம் வருகிறது, பாட்டு வரவில்லை. பெண் அழைப்பு வாசலில் நிற்கிறது. எனக்குப் போன். அத்தனை பாட்டும் ஒரே சிடியில் எப்படி அண்ணே அடங்கியது என்று கேட்டேன். "அடங்குனதோட இல்லீங்க டீச்சர், பாதிக்கு மேல எடமும் மிச்சம் கெடந்துச்சு, அப்பவே ஒரு சந்தோசம்" என்றார்.

பட்டியல் என்பது வெறும் விலாசம்தான் என்று போனிலேயே விளக்கினேன். மேளச் சத்தத்துக்கு நடுவே அண்ணன் பக்கத்தில் நின்ற அண்ணியிடம் சொல்வது கேட்டது: "மலரு, நாம பத்திரிகைய மட்டும் கொண்டாந்துருக்கோம், மாப்ள இன்னும் வூட்லயே ஒக்காந்துருக்காரு!"

பழைய நம்பர், புது நம்பர்

அதற்குப் பிறகு அண்ணன் உஷாராகிவிட்டார். திருச்சிக்குப் போய், சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்தார். பாட்டு முழுவதையும் அதில் ஏற்றி, விலாசம் எல்லாம் சரிபார்த்துக் கொடுத்தேன். டிஸ்க்கைச் சொருகியதும் கம்ப்யூட்டர் அதற்கு வீட்டு நம்பர் மாதிரி 'எஃப்' என்று ஒரு எழுத்து கொடுத்தது. பட்டியலும் 'எஃப்' வீட்டில் போய்த் தேடும். எல்லாம் சுபம்.

நாலாம் நாள் போன். ஒரு பாட்டும் பாடவில்லை. பஸ் பிடித்து அரியலூர் போனேன். விஷயம் என்னவென்றால், அண்ணியின் தம்பி துபாயிலிருந்து கேமராவோடு வந்திருக்கிறான். படம் பார்க்க அந்தக் கேமராவை முதலில் சொருகியிருக்கிறார்கள். அது 'எஃப்' எழுத்தைப் பிடித்துக்கொண்டது; பின்னால் சொருகிய டிஸ்க்குக்கு 'ஜி' கிடைத்தது. பட்டியல் பாவம், கேமராவின் வீட்டு வாசலில் நின்று பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டு நம்பர் மாறிவிட்டது அண்ணே, அதனால்தான் கண்டுபிடிக்க முடியவில்லை என்றேன். அண்ணி காபி டம்ளரைக் கீழே வைத்தார்: "எங்க தெருவுல கதவு நம்பர மூணு தடவ மாத்திட்டாங்க பாப்பா, தபால்காரரு இன்னமும் நேரா நம்ம வூட்டுக்குத்தான் வராரு. இவ்ளோ காசு குடுத்து வாங்குன பொட்டிக்கு அந்த அறிவு இல்லியா?"

நான் காபியைக் குடித்தேன்.

தாய்மாமன் மடியில்

எதற்கெடுத்தாலும் என்னைக் கூப்பிட அண்ணனுக்கே வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது. பாட்டு ஓட்டும் சாஃப்ட்வேரில், தொலைந்ததைத் தானே தேடிக்கொள்ளும் ஒரு பட்டன் உண்டு. அடுத்த தடவை பாட்டுக் காணாமல் போனதும் அதை அவராகவே கண்டுபிடித்து அழுத்திவிட்டார். "டீச்சர், எல்லாம் கெடச்சிருச்சு! ஒண்ணுகூட பாக்கி இல்ல!" என்று போனில் குதித்தார். அதை நம்பிப் போடாதீர்கள் அண்ணே என்று ஆரம்பித்தேன். ஏனென்றால் கடையில் வாங்கிய சிடிகளிலிருந்து ஏற்றிய பாட்டுக்கெல்லாம் சிடிக்குச் சிடி அதே பெயர்தான்: முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. பட்டன் பெயரை மட்டும் பார்க்கும். ஆள் யார் என்று பார்க்காது. அண்ணனோ கல்யாண வீட்டுக்கும் போவார், இழவு வீட்டுக்கும் போவார்.

நான் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். மறுநாள் ஒரு காதுகுத்து. என்னையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். அது யார் வீட்டு விசேஷம் தெரியுமா? ராமசாமி வீட்டுப் பேரனுக்கு. ராமசாமி என்றால், அந்த மாரியம்மன் திருவிழாக் கமிட்டித் தலைவர். கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்னும் யாரைப் பார்த்தாலும் "உள்ள போ, உள்ள போ" என்றுதான் வாயில் வரும்.

குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். "மேளத்தைப் போடுய்யா" என்றார் ராமசாமி. அண்ணன் மங்கல நாதஸ்வரத்தை அழுத்தினார். நாலு குழாயிலும் ஒரு அம்மாள், கூடப்பிறந்த அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். ஊசி அந்தரத்தில் நின்றது. குழந்தை மட்டும் சிரித்தது. கூடப்பிறந்தவளின் பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் மெல்லத் தலையைத் தூக்கினான்: "மாமா, புள்ளைக்குக் காது குத்தணும்னுதான கூப்ட்டீங்க, என்னைய எதுக்குங்க மாமா முடிச்சு வுட்டீங்க?"

கருவாட்டுச் சட்டி

சாப்பாட்டுப் பந்தியிலேயே ராமசாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். திருவிழாவில் ஒரு பாட்டு தடைப்பட்டாலும் ஜெயங்கொண்டத்து செட்டுக்காரனை வரச் சொல்லிவிடுவாராம். அடுத்த வருஷமும் அவன்தானாம். அண்ணன் அன்றைக்கு ரசத்துக்கு மேல் சாப்பிடவில்லை. எனக்கும் பாயசம் இறங்கவில்லை. இது என் பிழைப்பும்தானே? இவர் பேர் கெட்டால், இவர் பாட்டைப் பார்த்துக்கொள்கிற என்னை எந்தச் செட்டுக்காரர் கூப்பிடுவார்?

ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் கேட்டு, பெயர் வைத்து, விலாசம் போட்டு முடித்தேன். கோயிலில் காப்புக் கட்டினார்கள். அண்ணனும் கையில் மஞ்சள் கயிறு கட்டி விரதம் இருந்தார். மறுநாள் பார்த்தால் மறுபடியும் ஒரு பாட்டையும் காணோம். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். குத்துப்பாட்டு எல்லாம் டிஸ்க்கை விட்டு வெளியேற்றப்பட்டுக் கம்ப்யூட்டருக்குள் கிடந்தது. சாமிப் பாட்டு மட்டும் டிஸ்க்கில், 'சுத்தம்' என்று ஒரு புது ஃபோல்டருக்குள் இருந்தது. ஏன் அண்ணே என்று கேட்டேன், அழாத குறைதான். அவர் கைக் காப்பைக் காட்டினார்: "கருவாடு வறுத்த சட்டியிலயே ஆத்தாளுக்குச் சர்க்கரப் பொங்கல் வைக்கச் சொல்றீங்களா டீச்சர்?"

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டுக்கும் தனித்தனியாக விலாசம் போட்டுவிட்டு, இந்த டிஸ்க் இனிமேல் அம்மனுக்கு மட்டும், திருவிழா முடிகிற வரை வேறெதற்கும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நடை சாத்தியாச்சு

திருவிழா அன்று காலையில், பயத்தில் நானே முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பந்தலில் ஒரே அமைதி. குழாய்கள் கட்டியிருக்கின்றன, பாட்டு இல்லை. அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமிப் பாட்டு அத்தனையும் 'காணோம்'. இந்தத் தடவை விலாசம் மாறவில்லை, டிஸ்க்கே இல்லை. பாடுகிற நிலையில் இருந்ததெல்லாம் குத்துப்பாட்டு. கோயில் வாசலில் அதைப் போட்டால் செட்டோடு சேர்த்து எங்களையும் கட்டி இழுத்திருப்பார்கள்.

பந்தலுக்கு அடியில், வேன் சீட்டில், தேங்காய் மூட்டைக்குள், எல்லா இடத்திலும் தேடினோம். ஜெயங்கொண்டத்துக்காரன் ஆளை விட்டுத் தூக்கிவிட்டான் என்று அண்ணன் புலம்பினார். ராமசாமி செல்போனை எடுத்து ஜெயங்கொண்டத்து நம்பரைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, அதனால் எங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நிஜமாகவே அழுகை வந்தது.

அப்போதுதான் அண்ணி பொங்கல் கரண்டியோடு வந்தார். என்ன தேடுகிறீர்கள் என்றார். டிஸ்க்கு என்றோம். "அதான் விடியங்காட்டியே தேங்கா பழத்தட்டுல வச்சுப் பூசாரிகிட்ட குடுத்துட்டனே! ஆத்தா காலடியில வச்சு எடுத்தா ஒரு பாட்டும் காணாமப் போவாதுல்ல? பாப்பாதான் அம்மனுக்கு மட்டும்னு சொல்லுச்சு" என்றார். அண்ணன் கருவறைக்கு ஓடினார். நடை சாத்தியிருந்தது. பூசாரி சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, அபிஷேகத் தண்ணீர் கொண்டுவரத் திருமழபாடிக்கு, கொள்ளிடக் கரைக்கு வேனில் போயிருந்தார். வர உச்சிப்பொழுது ஆகும்.

கூட்டம் கூடிவிட்டது. "என்னய்யா சொல்லுது உன் பொட்டி?" என்று ராமசாமி அதட்டினார். "காணோம்னு சொல்லுதுங்க" என்றார் அண்ணன். "எங்கதான்யா இருக்கு?" அண்ணன் கருவறைக் கதவைக் காட்டினார். பாட்டெல்லாம் ஆத்தாகிட்டயே போய்ச் சேர்ந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்தில் ஒரு பெண் சட்டென்று குலவை போட்டாள். இன்னொருத்தி சேர்ந்தாள். எப்படியென்று தெரியவில்லை, பத்து நிமிஷத்தில் ஊரே குலவையும் பம்பையுமாக அதிர்ந்தது. அன்றைக்கு உச்சிவரை அந்த ஊருக்குக் குழாயே தேவைப்படவில்லை. பூசாரி வந்து கதவைத் திறந்தார். மாலையும் எலுமிச்சம்பழமுமாக டிஸ்க் வெளியே வந்தது. ஒயர் சொருகும் ஓட்டையில் அப்பியிருந்த குங்குமத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, சொருகினேன். அம்மன் தாலாட்டு நாலு குழாயிலும் கணீரென்று பாடியது. அண்ணி அண்ணனைப் பார்த்த பார்வையில் பீரோ, கேசட் எல்லாம் மன்னிக்கப்பட்டது. ராமசாமி செல்போனை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அடுத்த வருசமும் கலியபெருமாளு செட்டுதான்! ஆனா ஆத்தா காலடியில இருக்கறதப் போயி காணோம்னு சொல்லுச்சே, அந்தப் பொட்டிக்கு மொதல்ல துன்னூறு பூசுங்கய்யா!"

இந்தச் செய்தி பரவி, பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊர் செட்டுக்காரர்களும் டிஸ்க்கைக் கோயில் கோயிலாகப் பூஜைக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, பாட்டைக் காணோம் என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது, "பூசாரி ஊர்ல இருக்காருங்களா?" என்பதைத்தான்.