சாவி திரும்பாத கதவு

மழை விட்ட மாலை. ஏதோ நினைவில் லிஃப்டிலிருந்து ஒரு மாடி முன்னதாகவே இறங்கிவிட்டேன். அடுக்குமாடியில் எல்லாக் கதவும் ஒன்றுபோல இருக்கும். சாவி திரும்பவில்லை.

திறந்தவர் கமலாம்மா. முன்பு நாங்கள் குடியிருந்த தெமியாங் கம்பத்தில், அந்தச் சிற்றூரில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கம்பத்தை இடிக்குமுன், இந்த அடுக்குமாடிக்கு மாறும் ஒப்புதல் தாளைப் படித்துக் காட்டி, "கையெழுத்துப் போடலாம்" என்று எல்லோருக்கும் சொன்னவன் நான். அதன்பின் யார் முகத்தையும் பார்க்கத் துணியவில்லை.

"வாத்தியாரே, வழி தப்பிட்டீங்களா? உள்ள வாங்க."

ஜன்னலில் மேகம் மெல்ல நகர்ந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பாம்மா?"

"வீடு ஒழுகல, நல்லாத்தான் இருக்கு. ஆனா வந்ததுலேருந்து இந்தக் கதவ யாரும் தட்டல. நாளைக்கும் தப்பா வாங்க லா."

கம்பத்திலிருந்து வந்த மற்றவர்களே, நீங்கள் எந்தெந்த மாடியில் இருக்கிறீர்கள்? சொன்னால் தவறாக இறங்க வசதியாக இருக்கும்.