மேக்கணக்குக்கு வந்த கோப்ரல்

வட்டகொடை ஸ்டேசனில் இறங்கி அண்ணாந்து பார்த்தால், தேயிலைக்கு நடுவே ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று லயம், தொழிலாளர் வீட்டு வரிசைகள், தெரியும். அதுதான் தோட்டத்தின் மேல் பிரிவு, மேக்கணக்கு. அதில் அடி லயத்தில் பிறந்து வளர்ந்தவன் விஜிதரன். அந்த லயத்துச் சனத்தைக் கிளப்பிக்கொண்டு வரச் சொல்லித்தான் அவனையே ஆமி லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லையா என்றால், கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்து ஆமி முகாமில் தமிழ் பேசத் தெரிந்த கோப்ரல் அவன் ஒருத்தன்தான்.

ஆமியில் சேர வேண்டும் என்று அவன் கனவு ஒன்றும் கண்டதில்லை. ஓலெவல் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றான். சேலை மடித்து மடித்தே சிங்களம் படித்துக்கொண்டான். சண்டை முடிந்து சில வருசம் போனபிறகு தமிழ்ப் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றான், எடுத்துக்கொண்டார்கள். அப்பா வீரய்யா அப்போது உயிரோடு இல்லை. அம்மா நாகலெட்சுமி கொழுந்து மலையில் நின்றபடி போனில் சேதி கேட்டாள். கேட்டதும் கூடையை இறக்கிவைத்துவிட்டு மாரியம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அவன் அந்த உடுப்பப் போட்டிருக்கிற வரைக்கும் ஆடிக்கு ஆடி தீச்சட்டி எடுக்கிறேன் தாயி. புள்ளைய முழுசாத் திருப்பிக் குடு."

அவள் வாயால் ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஒரு வருசம் முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் கிடந்தாள். அப்போதும் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கச் சட்டியை ஏந்தினாள். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று சொன்னவர்களிடம், "அடுத்த வருசம் வரைக்கும் அவன யாரு பாத்துக்குவா, நீயா?" என்று கேட்டாள்.

விஜிதரனை வவுனியாப் பக்கம் போட்டார்கள். பற்றைக்காடு வெட்டினான், வீடு கட்டிக்கொடுக்கிற இடத்தில் கல் சுமந்தான். அதைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். எந்த ஊருக்குப் போனாலும் பெரிய ஆள் சிங்களத்தில் சொல்வதை அவன் தமிழில் சொல்ல வேண்டும், சனம் தமிழில் கேட்பதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமும் சூடு. முகாமில் அவன் தமிழன், வெளியில் அவன் ஆமிக்காரன். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் காரத்தைக் குறைத்து இந்தப் பக்கம் ஊற்றுவான், இந்தப் பக்கத்துச் சாபத்தைக் கழித்துவிட்டு அந்தப் பக்கம் கொடுப்பான். என்றைக்காவது பிடிபடுவோம் என்கிற பயம் மட்டும் அவனை விடவேயில்லை.

சட்டைக் கையில் இரண்டு பட்டி தைத்து லீவில் வந்தபோது, பக்கத்துக் காம்பிரா வீட்டு ஆண்டியப்பன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு விசாரித்தார்.

"கோப்ரல்னா என்னடா, பெரிய வேலையா?"

"பெருசில்ல மாமா. கீழ ஒரு பத்துப் பேரு, மேல நூறு பேரு."

"அட, நம்ம கங்காணி! இங்க கம்பளி போத்துறான், நீ தொப்பி போட்டிருக்க. ரெண்டு பேருக்கும் வெரட்டுறதுதான் வேல."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றிலிருந்து லயத்தில் அவனுக்குக் கங்காணி என்றே பெயர்.

அந்த ஆடியில் மழை பிடித்தது பிடித்தபடி நின்றது. அடி லயத்தில் குடிதண்ணீர் பிடிக்கிற பீலியில் தண்ணீர் சேறாக விழுந்தது. மூன்றாம் நம்பர் மலையில், லயத்துக்கு நேர் மேலே, தேயிலைச் செடிக்கு இடையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் வந்து, குச்சி நட்டு, அளந்து பார்த்துவிட்டு, மேக்கணக்கில் ஒருத்தரும் இருக்கக் கூடாது என்று சொல்லிப் போனார்கள். சனம் அசையவில்லை. தோட்டத்து ஆபீஸ் ஆட்கள் சொன்னார்கள், பொலிஸ் வந்து சொன்னது. அதற்கும் அசையவில்லை. அதன்பிறகுதான் ஆமி வந்தது. அந்த வருசம்தான் விஜிதரனை வவுனியாவிலிருந்து மலைநாட்டு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள்.

சனம் அசையாததற்குக் காரணம் பிடிவாதம் மட்டும் இல்லை. கோயிலில் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடிந்து கரகத்தை ஆற்றில் விடுகிறவரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. கீழே ரோட்டுப் பாலம்தான் எல்லை. ஹட்டனுக்குச் சாமான் வாங்கக்கூடக் காப்புக் கட்டாத ஆளைத்தான் அனுப்புவார்கள். தங்கச் சொன்ன பள்ளிக்கூடமோ பாலத்துக்கு அந்தப் பக்கம்.

லொறியிலிருந்து குதித்து இறங்கிய விஜிதரன் முதலில் மலையைப் பார்த்தான். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தான். மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

"சாப்பிட்டியாடா?" என்றாள் நாகலெட்சுமி.

"அம்மா, கெளம்புங்க. பேசுறதுக்கு நேரமில்ல."

"நான் என்னாடா கேக்குறேன், நீ என்னா சொல்ற?"

லொறியோடு வந்த லெப்டினன் இளவயசுப் பையன். பொழுது சாய்வதற்குள் லயம் காலியாக வேண்டும் என்று அவனுக்கு மேலே இருந்து உத்தரவு. மழையில் தொப்பி நனைந்து மூக்கில் தண்ணீர் சொட்ட, கோயில் வாசலில் கூடியிருந்த சனத்தைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினான்: "அரை மணி நேரம் தருகிறேன். பிறகு ஒவ்வொரு ஆளாகத் தூக்கி லொறியில் போடுவேன். சொல்லு இவர்களிடம்!"

விஜிதரன் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டான். "சேரு ஒங்க எல்லாரையும் ரொம்பத் தாழ்மையாக் கேட்டுக்கிறாரு. ஒங்க உசுரு மேல உள்ள அக்கறையில…"

"நிறுத்துடா கங்காணி!" ஆண்டியப்பன் குறுக்கே வந்தார். "தூக்கி லொறியில போடுவேங்கிறான். தாழ்மையா கேக்குறானாம்ல! நாங்க லிந்துல டவுன்ல மரக்கறி விக்கிறவங்கடா, எங்களுக்குச் சிங்களம் தெரியாதா?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது, நல்ல சிரிப்பு இல்லை அது. இத்தனை வருசம் எந்தெந்த ஊரிலோ தப்பிவந்தவன் சொந்த லயத்தில் பிடிபட்டான். காது சூடாகிவிட்டது. லெப்டினன் அவனைத் திரும்பிப் பார்த்து, "நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டான்.

காப்புக் கட்டின பெண்கள் மேல் ஆமிக்காரன் கை பட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அப்படியே மண்ணில் படுத்துக்கொள்வார்கள். மலை வந்தாலும் எழும்ப மாட்டார்கள். முதலில் தூக்கச் சொன்னால் யாரைத் தூக்குவது, அம்மாவையா?

அப்போது பூசாரி பொன்னையா வாயைத் திறந்தார். மெலிந்த மனிதர், கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை, திருவிழாவுக்கு மட்டும் பூசாரி. "சண்ட வேணாம். தாயிகிட்டயே கேப்போம். பூக் கட்டிப் பாப்போம். போகச் சொன்னாப் போறோம், இருக்கச் சொன்னா இருக்கோம். என்ன சொல்றீங்க?"

சனம் சரி என்றது. விஜிதரன் லெப்டினனிடம், சின்னக் கும்பிடு ஒன்று இருக்கிறது, முடித்துவிட்டு வந்துவிடுவார்கள் என்றான். அதிலும் பாதிதான் உண்மை.

பொன்னையா வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை என்றால் போகலாம், சிவப்பு என்றால் இருக்க வேண்டும். இரண்டிலும் வெள்ளையே வைத்துக் கட்டச் சொல்லிப் பூசாரி காதில் ஓதலாமா என்று விஜிதரனுக்கு ஒரு நினைப்பு வந்தது. வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அம்மன் முன்னால் நாக்கு எழும்பவில்லை. ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது ஒரு பொட்டலத்தைப் பிடித்தது, வாயில் வைக்கப் பார்த்தது. பொன்னையா வாங்கிப் பிரித்தார்.

சிவப்பு.

பூ மாறி வந்தது என்று பிறகு கதை கட்டினவர்கள் உண்டு. மாறவில்லை. சிவப்புத்தான் வந்தது. அம்மன் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அம்மனைத்தான் கேட்க வேண்டும்.

பெண்கள் குலவை போட்டார்கள். ஆண்டியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தீர்ந்துச்சு. லொறியத் திருப்பச் சொல்லு" என்றார். மேலே மலையில் எங்கேயோ ஒரு கல் உருளுகிற சத்தம் கேட்டது. குலவைச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை, விஜிதரன் கவனித்தான். கோயில் வாசலை விட்டு நடந்தான். அடி லயத்து இஸ்தோப்பில், அம்மாவின் வாசலில், சேற்றுச் சப்பாத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். தந்திரமாக உட்கார்ந்தான் என்பார்கள். தந்திரம் பண்ணத் தெரிந்தவன் ஏன் கோப்ரலாகவே இருக்கிறான்?

"எழும்பு, கோப்ரல்!" என்று லெப்டினன் கத்தினான்.

"என் அம்மா இங்கே இருக்கிறார் சேர்" என்றான் சிங்களத்தில். இந்தத் தடவை குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

நாகலெட்சுமி மழையில் ஓடிவந்தாள். "எழும்புடா. அந்தத் தொரை கத்துறான், காதுல விழலயா? வேலைய விட்டுத் தூக்கிருவான்டா."

"தூக்கட்டும். நீங்க வாங்க, எழும்புறேன்."

"காப்போட எப்படிடா எல்ல தாண்டுறது?"

"அப்ப நீங்களும் இருங்க, நானும் இருக்கேன். வர்றது ரெண்டு பேருக்கும் வரட்டும்."

"இது யாருக்காகக் கட்டுனது?" அவள் மணிக்கட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சொல்லுடா, யாருக்காக? நீ உசுரோட இருக்கணும்னு கட்டுனேன். நீயே இங்கன உக்காந்து செத்துப்போனா, இத நான் எதுக்குடா கட்டணும்?"

கேட்டுவிட்டு அவளே நின்றாள். அவள் கேட்டது அவளுக்கே அப்போதுதான் உறைத்ததுபோல் இருந்தது. மலையை ஒரு பார்வை பார்த்தாள், கோயிலை ஒரு பார்வை. பிறகு கயிற்றைப் பல்லில் வைத்துக் கடித்தாள். நனைந்த கயிறு லேசில் அறவில்லை. இழுத்துக் கடித்துத் துப்பினாள்.

"ஐயோ நாகலெட்சுமி!" பொன்னையா தலையில் கைவைத்தார். "கட்டுன கைதானே அவுக்கணும்! பல்லு படலாமா?"

"பட்டுருச்சு. குத்தம் என் தலையில வரட்டும். மத்தவங்களுக்கு நீ அவுத்து விடு. புள்ளகுட்டிக்காரங்க இருக்காங்க."

பொன்னையா என்ன நினைத்தாரோ, சூடத்தை ஏற்றித் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொருத்தர் கையாக அவிழ்த்துக் கயிற்றைத் தாம்பாளத்தில் போட்டார். சிலர் அழுதார்கள். ஆண்டியப்பன் கடைசியாகக் கையை நீட்டினார், முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் எல்லாரும் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. மலை வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தீச்சட்டி எடுக்க வேண்டிய நாள் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடியே கழிந்தது. பருப்பும் சோறும் ஆமிக்காரர்கள் கொடுத்தார்கள். ஆண்டியப்பன் தட்டை நீட்டும்போதெல்லாம், "என்னா கங்காணி, ஒன் மலை எப்ப வருது? லேட்டா ஓடுற ரயிலாட்டம் இருக்கே" என்றார். நாகலெட்சுமி மலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெறுங்கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, காலையும் மாலையும் மகனைத் தொட்டுப் பார்த்தாள். "ஒடம்பு சுடுதாடா? தல வலிக்குதா? கீழ விழுந்தியா?" அவன் தும்மினால் குத்தம் அவன்மேல் இறங்கிவிட்டதோ என்று பதறுவாள்.

விஜிதரன் தூரக் கண்ணாடியை வாங்கி மூன்றாம் நம்பர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனசுக்குள் ஒரு கெட்ட ஆசை புகுந்திருந்தது. மலை விழ வேண்டும். விழுந்தால் அம்மா கடித்த கடிக்கு ஓர் அர்த்தம் இருக்கும், ஆண்டியப்பன் வாய் மூடும். பிறந்த வீட்டின்மேல் மண் விழ வேண்டும் என்று நினைக்கிறோமே என்று உடம்பு கூசியது. கூசிக்கொண்டே மறுபடியும் கண்ணாடியை எடுத்தான்.

ஒரு காலையில் வெயில் அடித்தது. சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு பாலத்துக்கு வந்துவிட்டது. அதிகாரிகள், வெடிப்பு இன்னும் அகன்றிருக்கிறது, ஒருத்தரையும் விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பாலத்தில் நின்றவன் விஜிதரன்.

"விடுடா. கோழி கெடக்கு, ஆடு கெடக்கு. வெயில் அடிக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?"

"முடியாது மாமா. மேல போகக் கூடாதுன்னு உத்தரவு. மீறிப் போனா நான் புடிச்சுத்தான் நிறுத்துவேன்." அப்படியே சொன்னான். சர்க்கரை தடவவில்லை.

"புடிப்பியா? எங்க, புடி பாப்போம்!" ஆண்டியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

நாகலெட்சுமி கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். "அண்ணே, மொதல்ல என்னயத் தாண்டிப் போங்க. நான் சாமி குத்தத்தத் தலையில வாங்கிக்கிட்டுக் கொண்டாந்து சேத்திருக்கேன். வெயிலக் கண்டதும் திரும்பிப் போறதுக்கா?"

"ஏம்மா, நாள்கணக்கா இருக்கோம். அந்த மலை விழாட்டி என்னா பண்ணுவ? நீ கயித்தக் கடிச்சது வீணாப் போச்சுன்னுதானே அர்த்தம்?"

"விழாட்டி ரொம்ப நல்லது" என்றாள் அவள். "வீணாப் போனாப் போவட்டுமே. என் வீடும் அங்கதானே இருக்கு."

ஆண்டியப்பன் பாயைத் தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டு நின்றார், பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினார். ஒவ்வொருத்தராக முணுமுணுத்துக்கொண்டே அவர் பின்னால் போனார்கள்.

விஜிதரனுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் தான் என்ன வேண்டிக்கொண்டு நின்றோம் என்பதை அவளிடம் சொல்ல முடியுமா? மலைக்கு முதுகைக் காட்டி நின்றான். ஆனாலும் சின்னச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் லயத்துக் கூரை அங்கேயேதான் இருந்தது.