எல்லையில் விட்ட முள்

வெயில்காலம் வந்தால் ராஜாமணிக்கு வீட்டுச்சிறைதான். மாசி பிறந்ததும் கூலி வேலையை நிறுத்திவிடுவாள். ஆனியில் முதல் மழை மண்ணை நனைத்த பிறகுதான் மறுபடி கிளம்புவாள். அதுவரை வாசலை விட்டு நகர மாட்டாள். கஞ்சிக்கு என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள். பாதி நாள் கஞ்சியே கிடையாது.

காரணம் அவள் புருஷன் ரத்தினம். கல்குவாரியில் பாறை சரிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. போட்ட இடத்தில் கிடப்பான். வாய் மட்டும் ஊரைச் சுற்றி வரும். புளியந்தாங்கல் தெருவின் கிழக்குக் கோடியில், கடைசிக் குடிசை அவர்களுடையது. நான் அதற்கு நாலு வீடு இந்தப் பக்கம். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் தையல் மெஷின் போட்டிருந்தவன், ஊர் வம்பு எனக்கு வராமல் போகாது.

தெருவுக்கு வடக்கே காடு. காடு என்றதும் யானை, புலி என்று நினைக்க வேண்டாம். வல்லக்கோட்டைப் பக்கம் வரை வேலிகாத்தான் முள்ளும் மஞ்சம்புல்லும்தான். வெயிலில் அது வருஷா வருஷம் எரியும். புதுப்புல் துளிர்க்கட்டும் என்று ஆட்டுக்காரன் கொளுத்துவான், முயல் பிடிக்கிறவன் கொளுத்துவான், பீடி குடித்தவன் துண்டை எறிந்துவிட்டு நடையைக் கட்டுவான். நெருப்பு வந்தால் நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ராஜாமணி புருஷனைக் கோணியில் உருட்டிப்போட்டு இழுத்துக்கொண்டு ஓடுவாள். தொண்ணூறாம் வருஷம் அப்படி இழுத்ததில் அவன் முதுகுத் தோல் உரிந்து, புண் ஆறக் கார்த்திகை ஆகிவிட்டது.

"அடுத்த வாட்டி என்னை வுட்டுட்டு ஓடிடுடி," என்றான் ரத்தினம்.

"வாய மூடிகினு கஞ்சியக் குடி," என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்குப் பிடிவாதம். காட்டுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு தெரு அகலத்துக்கு முள்ளையும் புல்லையும் வெட்டி மொட்டை மண்ணாக்கிவிட்டால் நெருப்பு தாண்டாது, அதற்குக் கூலி தர அரசாங்கத்தில் பணம் இருக்கிறது என்று யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். ஒரு ஊருக்குத் தனியாகத் தர மாட்டோம், காட்டோரம் இருக்கிற புளியந்தாங்கலும் கோணத்தாங்கலும் சேர்ந்து வந்தால் தருவோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு ஊரும் சேர்வதாவது! எல்லையில் நின்ற ஒரே ஒரு பனைமரத்துக்காக ஒரு காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டு செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் நாங்கள். தீர்ப்பு வருவதற்குள் இடி விழுந்து மரமே போய்விட்டது. அதற்கப்புறம் ஏற்பட்டது ஒரு வழக்கம். இரண்டு ஊருக்கும் நடுவில், ராஜாமணி குடிசையை ஒட்டிக் கிழக்கே, பத்தடி அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு நிலம் எல்லையம்மனுக்கு. அங்கே எவனும் கத்தி வைக்கக் கூடாது. வைத்தால் நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறான் என்று அர்த்தம், மறுபடி மண்டை உடையும்.

எங்கள் ஊர்த் தலைவர் கண்ணப்பன் முறைத்தார். "இன்னா ராஜாமணி, அந்தாண்ட ஊர்க்காரன் வாசல்ல போயி நான் நிக்கணுமா?"

"நீங்க நிக்க வாணாம் தலைவரே. நான் போயி நின்னுட்டு வந்துட்டேன். அந்த ஊருத் தலைவரு ஒத்துகினாரு, நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

கோணத்தாங்கல் தலைவர் யாக்கோபிடம் போனாள். "கண்ணப்பன் இன்னா சொன்னாரு?" என்றார் அவர். கண்ணப்பன் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அங்கேயும் ஒரு போடு போட்டாள். இப்படித்தான் இரண்டு பெரிய மனிதர்களும் சேர்ந்தார்கள். பணமும் வந்தது. பொய் சொல்லித்தான் எங்கள் ஊரில் ஒரு நல்லது நடக்க வேண்டியிருந்தது.

தொண்ணூற்றொன்று மாசியில் வேலை. அவரவர் ஊர் ஆட்கள் அவரவர் பக்கத்தை வெட்டிக்கொண்டு எல்லை வரை வந்தார்கள். அம்மன் நிலத்தை யாரும் தொடவில்லை. வெட்டிய முள்ளை எங்கே போடுவது? சொந்த நிலத்தில் போட மனசில்லை. அடுத்த ஊர் நிலத்தில் போட்டால் சண்டை. எவனுக்கும் சொந்தமில்லாத இடம்தான் குப்பைக்கு வசதி. இரண்டு ஊரும் எல்லையில் கொண்டுவந்து கொட்டின. ராஜாமணியும் கூலிக்கு வெட்டினாள், அவளும் அங்கேதான் கொட்டினாள். ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய முள், காட்டிலிருந்து கிளம்பி அவள் குடிசைச் சுவரை உரசிக்கொண்டு நீண்டு கிடந்தது.

பார்வையிட வந்த அதிகாரி, "நடுவுல இது ஏன் அப்படியே கிடக்கு?" என்று கேட்டார்.

கண்ணப்பனும் யாக்கோபும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது அம்மன் எடம் சார்," என்றார் யாக்கோபு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இரண்டு ஊரின் ஒற்றுமையைப் பாராட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து ராஜாமணியை அவ்வளவு சிரிப்போடு நான் பார்த்ததில்லை. அந்தக் கோடையில் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். பகலில் புருஷனுக்குத் தண்ணீர் கொடுக்கப் பக்கத்து வீட்டுக் கிளியம்மாளிடம் சொல்லியிருந்தாள். சாயங்காலம் கருவாடு வாங்கி வருவாள். "இன்னா, பொண்டாட்டி சம்பாத்தியம் இனிக்குதா?" என்று நான் கேட்டால், "காரமாக் கீது, கொஞ்சம் தரட்டா?" என்பான் ரத்தினம்.

சித்திரைக் கடைசியில் காடு பற்றிக்கொண்டது. உச்சி வெயில், நல்ல காற்று. மொட்டை மண்ணுக்கு வந்ததும் நெருப்பு நின்றுவிட்டது. ஜனங்கள் எல்லோரும் தெருவின் மேற்குப் பக்கம் கூடி நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். யாரோ விசில்கூட அடித்தார்களாம். கிளியம்மாளும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். கிழக்கே, காய்ந்து கிடந்த எல்லை முள்ளில் நெருப்பு ஏறியதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது அது குடிசைக்கு வந்துவிட்டது.

கிளியம்மாள் ஓடிப் போனபோது கூரை இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குரல் கேட்டதாம். அதை ராஜாமணியிடம் மட்டும்தான் அவள் சொல்லவில்லை, ஊரில் மற்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

சூளையில் இருந்தவர்களுக்குப் புகை தெரிந்திருக்கிறது. ஒங்க ஊர்ப் பக்கம் பொக வர்ற மாரி கீதே என்று கேட்டவர்களிடம், "காட்டோரம் முள்ள வெட்டிட்டோம், இனிமே ஒண்ணும் ஆவாது," என்று சொல்லிவிட்டு ராஜாமணி செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆள் வந்து கூப்பிடும் வரை அடுக்கினாள்.

எரிந்தது யார் ஊர் முள் என்பதில் பஞ்சாயத்து நடந்தது. உன் முள், என் முள் என்று கத்திவிட்டுக் கலைந்தார்கள். மேலே முறையிடலாம் என்று பார்த்தால், வைகாசி முதல் வாரமே ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து நடந்த துயரம் உலகத்துக்கே தெரியும். சாலையெல்லாம் போலீஸ், பெரிய பெரிய கார்கள். எங்கள் தெருவில் ஒரு குடிசை எரிந்ததைக் கேட்க யாருக்கு நேரம்? யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

ஐப்பசி மழைக்கு எல்லையில் முள் மறுபடி தழைத்தது. ஒரு காலை ராஜாமணி கொடுவாளோடு அங்கே இறங்கி வெட்ட ஆரம்பித்தாள். செய்தி பரவியது. கண்ணப்பன் தன் ஆட்களோடு வந்தார், யாக்கோபு தன் ஆட்களோடு வந்தார். தோளோடு தோள் நின்றார்கள். யாரும் பொய் சொல்லிச் சேர்த்துவைக்காமல் இரண்டு ஊரும் ஒன்றாக நின்றது அன்றைக்குத்தான்.

"கத்தியக் கீழ போடு ராஜாமணி. எல்லையில கை வெக்காத," என்றார் கண்ணப்பன்.

"எனக்கு இனிமே எரியறதுக்கு இன்னா கீது தலைவரே? ஒங்க வூட்டுக்குத்தான் வெட்டறேன்."

யாக்கோபு அவள் கையிலிருந்து கொடுவாளைப் பிடுங்கிக் கண்ணப்பனிடம் கொடுத்தார். வெட்டிய குற்றத்துக்கு அம்மனுக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்று இரண்டு ஊரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லின. தேங்காயைக்கூட யாரோ ஓடிப்போய் வாங்கி வந்தார்கள். அவள் உடைத்தாள். இரண்டு ஊருக்கும் சமமாகப் பங்கு வைத்தார்கள். அவள் கையிலும் ஒரு சில்லை வைத்தார்கள். மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.