அடுத்து என்ன நடக்க வேண்டும்?

பெப்ரவரி இருபது, வெள்ளி, காலை எட்டு இருபத்தைந்து. ஒஸ்லோவில் சுழியத்துக்குக் கீழே பதினொரு பாகை, பொடிப்பனி. பேரனின் வகுப்பில் டெப் என்கிற தொடுதிரைப் பலகை ஒன்று கதை சொல்கிறது, நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்க வேண்டும்?" என்று ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்கிறது. பிள்ளை ஒரு முடிவைத் தொட்டு, மிச்சத்தைத் தானே எழுதுகிறது. நான் பிறந்த படுவான்கரையில் நாங்கள் பசுவைப் பற்றிப் பத்து வசனம் பார்த்து எழுதினோம். பசுவுக்கு என்ன நடக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை பிழையாகத் தொட்டால் என்ன செய்வது என்று முன்னொருநாள் ஆசிரியையிடம் கேட்டேன். வெறும் கதைதானே என்று சிரித்தார். அதை நம்பி, நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு டெப் அனுப்பியிருந்தேன்.

சென்ற மாதம் அங்கிருந்து ஐந்தாம் வகுப்பின் இருபத்துமூன்று கதைகள் வந்தன. பத்தொன்பதில் ஏதோவொன்று கேட்கப்பட்டிருந்தது: சைக்கிள், வலை, மலசலகூடம். எங்களூரில் வெளிநாட்டுக்காரருக்கு எழுதுவதென்றால் விண்ணப்பம்தான். கோயில் மதிலும் கிணறும் அப்படித்தான் வந்தன. பிள்ளைகள் வேறெப்படி நினைப்பார்கள்? கிருஷிகா முப்பத்தொரு வரி எழுதியிருந்தாள், ஒரு பிழையில்லை. கதையில், குவைத்தில் வீட்டுவேலை செய்யும் தாய் அடுத்த மாதம் முதலாம் திகதி வருகிறாள். கீழே, 'இப்படிக்கு, உண்மையுள்ள' என்று கையொப்பம். நான் எழுத்துநடையைப் பாராட்டிப் பதில் போட்டேன்.

முதலாம் திகதி அவள் புதுச்சட்டை போட்டு, ஓடத்துறையில் இருட்டும்வரை நின்றாளாம். வகுப்பாசிரியை தொலைபேசியில் சொன்னார்: "ஐயா, நீங்க ஓமெண்டு பதில் போட்டதா நினைச்சித்தான் அவ நிண்டவ."

தாயின் இலக்கத்தை வாங்கினேன். வெள்ளிக்கிழமைகளில்தான் அவள் கைக்குப் போன் வரும். டிக்கட் நான் போடுகிறேன் என்றேன்.

"நான் வந்தா மறுகா அந்த அரைகுறை வீட்டை ஆர் கட்டி முடிக்கிற, ஐயா? பிள்ளைக்கிட்ட கதைய மாத்தி எழுதச் சொல்லுங்க."

சொன்னோம். இன்று காலை மாற்றிய கதை வந்தது. திரையில் இரண்டு முடிவுகள்: அம்மா வந்தாள், அம்மா வரவில்லை. கிருஷிகா இரண்டையும் தொடவில்லை. ஒரே வரி எழுதியிருந்தாள்: "அம்மா பிளேனில் இருக்கிறா, பிளேன் இன்னும் இறங்கவில்லை." நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தாறு வருடம். அந்த வரியைத் திருத்த எனக்குக் கை வரவில்லை.

இனி எழுதமாட்டேன் என்று டெப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். பன்னிரண்டு டெப், அனுப்புகூலி, சுங்கம் எல்லாமாக எனக்குச் செலவு 31,460 குரோனர்.